தாத்தாவோட கோல்ஃப் ஸ்டிக்கும் அப்பாவோட மம்முட்டி வைத்தியமும்

எங்க வீட்ல புளி உலுக்குறதுக்குன்னே ஒரு சாமான் இருந்துச்சு. நீளமான மூங்கில் கழி, அதோட முனையில கட்டுக்கம்பி போட்டு ஒரு மரக்குச்சிய கட்டி இருப்பாங்க, அந்தக் குச்சி முனையில சப்பையா ஒரு இரும்பு சைடுல திரும்பிகிட்டு இருக்கும், கொப்புல மாட்டி ஒரு உலுக்கு உலுக்குனா பொலபொலன்னு கொட்டும். அதே மாதிரி இன்னொரு குச்சி மாட்டுக்கொட்டாய் கதவுக்கு தாழ்ப்பா. இன்னொண்ணு நாய் தொரத்த. மொத்தம் அஞ்சு. அஞ்சும் கோல்ஃப் ஸ்டிக்குன்னு எனக்கு தெரிஞ்சது போன வருஷம் தான், அதுவும் ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல எதையோ பாத்துட்டு இருந்தப்ப ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர் பழைய ஸ்டிக் ஒண்ண கையில வச்சு பேசிட்டு இருக்காரு, நான் எழுந்து உக்காந்துட்டேன், அட இது நம்ம புளி உலுக்குற குச்சிடா!

காலையில முத வேலையா பாட்டிகிட்ட கேட்டேன். "ஆமா, அது உங்க தாத்தா கேஜிஎஃப்ல இருந்து கொண்டாந்தது"ன்னு ரொம்ப சாதாரணமா சொல்லுது. எங்க ஊரு காவேரிப்பட்டணம் பக்கம். அந்தக் காலத்துல இந்தப் பக்கத்து ஊருங்கள்ல இருந்து தங்கச் சுரங்க வேலைக்கு போனவங்க நெறைய பேரு, எங்க தாத்தாவோட அப்பாவும் அப்படி குடும்பத்தோட போனவரு தான். சுரங்கத்த நடத்துன ஜான் டெய்லர் கம்பெனி துரைமாருங்க ஆடுறதுக்கு அங்க கோல்ஃப் மைதானம் இருந்துச்சு. தாத்தா பன்னெண்டு பதிமூணு வயசுலயே அங்க பை தூக்குற பையனா போயிருக்காரு. அதுக்கு இங்கிலீஷ்ல கேடின்னு பேரு. "தாத்தா கேடியா இருந்தாரா பாட்டி?"ன்னு கேட்டதுக்கு வெளக்கமாத்த எடுத்துடுச்சு, அப்புறம் வெளக்கி சொல்ல வேண்டியதாயிடுச்சு. 1956-ல மைசூர் அரசாங்கம் சுரங்கத்த எடுத்துகிட்டப்ப துரைங்க பலபேரு மூட்டை கட்டிட்டாங்க, அப்ப ஒருத்தர் கெளம்புறப்ப இனிமே எவன் இதுல ஆடப்போறான்னு இந்த அஞ்சையும் தாத்தா கையில குடுத்துட்டுப் போயிருக்காரு.

அவரு அப்படி நெனச்சதுலயும் தப்பு இல்ல. 1920கள் வரைக்கும் கோல்ஃப் ஸ்டிக்குன்னா மரக்காம்பு தான், ஹிக்கரின்னு அமெரிக்காவுல வளர்ற மரம், கோடாலிக்கும் சுத்திக்கும் காம்பு போடுறது அங்க அதுல தான். ஸ்டீல் காம்ப அமெரிக்காவுல 1924-லயும் பிரிட்டன்ல 1929-லயும் அனுமதிச்சாங்க, அதோட மரத்துக்கு மவுசு போச்சு. பாபி ஜோன்ஸ்னு அமெரிக்காவோட பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர் 1930-ல ஒரே வருஷத்துல நாலு பெரிய போட்டியையும் ஜெயிச்சாரே, அது மரக்காம்புல ஆடி தான். அதுக்கு அடுத்த வருஷமே பில்லி பர்க்குன்னு ஒருத்தர் ஸ்டீல் காம்ப வச்சு யூ.எஸ். ஓப்பன் ஜெயிச்சுட்டாரு. ஆக எங்க தாத்தா கைக்கு வரும்போதே இது பழைய சாமான் தான்.

சரி விஷயத்துக்கு வர்றேன். நான் ஓசூர்ல ஒரு கம்பெனில டூல் ரூம்ல இருக்கேன், இரும்பு சம்பந்தமா எனக்கு கொஞ்சம் தெரியும்னு ஒரு நெனப்பு உண்டு. அஞ்சையும் கழட்டி கழுவி பாத்தப்ப மூணு இரும்புத் தலை ஸ்டிக், ஒரு பட்டர் (பந்த குழிக்குள்ள மெதுவா தள்ளி விடுற ஸ்டிக்), ஒரு மரத்தலை ஸ்டிக். அந்தக் காலத்துல இப்ப மாதிரி நம்பர் கெடையாது, பேரு தான். மிட் அயர்ன், மேஷி, நிப்ளிக், பிராஸின்னு. புளி உலுக்குனது நிப்ளிக், மண்ணுக்குள்ள மாட்டுன பந்த தோண்டி எடுக்குறதுக்குன்னே செஞ்சது, அதனால தான் அப்படி மல்லாந்துகிட்டு இருக்கு. (கிளப்புன்னு தான் சொல்லணுமாம். எங்க ஊர்ல கிளப்புன்னா சீட்டாட்டம், அதனால ஸ்டிக்குன்னே சொல்லிக்கிறேன்.)

இத பளபளன்னு பண்ணி ஹால்ல மாட்டுறது ஒரு வேலை, மறுபடி பந்த அடிக்கிற மாதிரி பண்றது வேற வேலை. நான் அடிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அடிக்கும்போது தலை கழண்டு பறந்துச்சுன்னா எதுத்தாப்புல நிக்கிறவன் கதி என்னாகுறது, அதனால முத கவலை தலைக்கும் காம்புக்கும் நடுவுல இருக்குற பிடிப்பு தான். இரும்புத் தலையில காம்பு சொருகுற குழாய்க்கு ஹோசல்னு பேரு. எங்கப்பா அத மம்முட்டிக் கண்ணு, அதாவது மண்வெட்டியில காம்பு சொருகுற ஓட்டைங்கறாரு, அதுவும் சரியா தான் இருக்கு.

மேஷியோட தலை லொடலொடன்னு ஆடுச்சு. அப்பாகிட்ட காட்டுனேன். "இதுக்கா இவ்ளோ யோசிக்கிற? மம்முட்டி காம்பு ஆடுனா என்னா பண்ணுவோம், தண்ணித் தொட்டில போடு, காலையில கல்லு மாதிரி இருக்கும்." போட்டேன். காலையில கல்லு மாதிரி தான் இருந்துச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. பங்குனி மாசம், எங்க ஊரு ஏரி வத்தி வெடிச்சு கெடக்கு, மூணு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை போய் நாலு அடி அடிச்சேன், அஞ்சாவது அடிக்கு பந்து காலடியிலயே கெடக்கு, தலை மட்டும் சொய்ங்னு போய் வேலிகாத்தான் புதருக்குள்ள விழுந்துடுச்சு. ஆடு மேய்ச்சுட்டு இருந்த பையன் தான் முள்ளுக்குள்ள பூந்து எடுத்துக் குடுத்தான், "அண்ணா இதுல ஆணி இல்லண்ணா"ன்னு ஒரு யோசனையும் சொன்னான்.

அவன் சொன்னது சரி. ஹோசல்ல ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் வரைக்கும், நடுவுல இருக்குற மரத்தையும் சேத்து துளைச்சு, ஒரு சின்ன இரும்பு ஆணி இருக்கணும். ரெண்டு பக்கமும் தட்டி அரத்தால மட்டமா ராவி விட்டிருப்பாங்க, அதனால பாத்தா தெரியாது, உப்புத்தாள் போட்டு லேசா தேச்சா சின்னதா ஒரு வட்டம் தெரியும். எங்க மேஷில அது துருப்பிடிச்சு உள்ளயே முறிஞ்சு போயிருந்துச்சு. தண்ணில மரம் ஊதுறது வாஸ்தவம், ஆனா காஞ்சதும் திரும்ப சுருங்கும், இன்னும் சொல்லப்போனா இறுக்கமான குழாய்க்குள்ள ஊத எடம் இல்லாம மரம் நசுங்கிடும், காஞ்ச பின்னாடி முன்ன இருந்தத விட சின்னதா ஆயிடும். மம்முட்டிய வயல்ல தினமும் ஈரத்துலயே வச்சிருக்கோம், அதனால நமக்கு தெரியறதில்ல. அப்பாகிட்ட சொன்னா "நீ சரியா ஊறப் போடல"ங்கறாரு.

அப்புறம் முறையா பண்ணேன். ஆணிய விட கொஞ்சூண்டு சின்ன பஞ்ச் வச்சு தட்டி பழைய ஆணிய வெளிய தள்ளி, தலைய கழட்டி, குழாய்க்குள்ள இருந்த துரு, பழைய பிசின் எல்லாத்தையும் சொரண்டி எடுத்து, மண்ணெண்ணெய்ல கழுவி காய வச்சு, காம்போட முனைய நல்லா ஒரு வாரம் நெழல்ல காய விட்டேன். ஒட்டுறதுக்கு அஞ்சு நிமிஷத்துல புடிக்கிறது எல்லாம் வேணாம், ராத்திரி முழுக்க காயிற அரால்டைட் போதும். எடம் லூசா இருந்தா ரொம்ப மெல்லிசா மரச்சீவல் ஒண்ண சுத்தி வச்சு ஒட்டலாம். புது ஆணிக்கு மைல்ட் ஸ்டீல் கம்பி தான் சரி, பழைய ஓட்டையிலயே சொருகி ரெண்டு பக்கமும் சின்ன சுத்தியால மெதுவா தட்டித் தட்டி தலை விரிச்சு, அரத்தால மட்டம் பண்ணி விட்டாச்சு. புது ஓட்டை போடாதீங்க. ஏற்கனவே ஒரு ஓட்டை இருக்குற மரத்துல பக்கத்துலயே இன்னொண்ணு போட்டா முறியறதுக்கு நீங்களே கோடு போட்டுக் குடுத்த மாதிரி.

இப்ப காம்பு. இங்க தான் நெறைய பேரு கெடுத்துக்குறாங்க, நானும் ஒண்ண கெடுத்தேன். காம்பு கருப்பா அழுக்கேறி இருந்துச்சா, உப்புத்தாள எடுத்து பட்டரோட காம்ப தேய் தேய்னு தேச்சு புது மரம் மாதிரி ஆக்கிட்டேன், பாக்க அழகா தான் இருந்துச்சு. அப்புறம் தான் வெர்னியர வச்சு அளந்து பாக்குறேன், 12 மில்லி இருந்த எடத்துல பதினொன்றரை. அரை மில்லி தானேன்னு தோணும். ஆனா உருண்டை கம்பியோட விறைப்பு அதோட விட்டத்தோட நாலாவது அடுக்குல போகும், அரை மில்லி போனா விறைப்பு நூத்துக்கு 15-க்கு மேல போயிடும். பட்டர்ங்கறதால தப்பிச்சேன், அதுல யாரும் ஓங்கி அடிக்கப்போறதில்ல. மத்ததுல உப்புத்தாள் பக்கமே போகல. ஸ்டீல் ஊல்ல ரொம்ப நைஸா நாலு சைபர்னு ஒண்ணு வரும், அத லின்சீட் ஆயில்ல தொட்டு மரத்தோட நாரு போற வாக்குல தேச்சா அழுக்கு மட்டும் வரும், அந்தப் பழைய தேன் கலரு அப்படியே இருக்கும். அதுக்கு மேல பிரெஞ்ச் பாலிஷ் மெல்லிசா ரெண்டு மூணு கோட்டு. லின்சீட் தொட்ட துணிய மட்டும் சுருட்டி மூலையில போடாதீங்க, அது தானா சூடேறி தீப்பிடிக்கும், விரிச்சுப் போட்டு காய வச்சு அப்புறம் தூக்கிப் போடுங்க.

விறைப்பு எப்படி இருக்குன்னு பாக்க நான் பண்ணது சாதாரண வேலை. பிடிய டேபிள்ல சி கிளாம்ப் போட்டு இறுக்கி, தலைப்பக்கம் ஒரு கிலோ எடைக்கல்ல கட்டித் தொங்கவிட்டு எவ்வளவு எறங்குதுன்னு ஸ்கேல் வச்சு பாத்தேன். மிட் அயர்ன் 62 மில்லி எறங்குச்சு, நிப்ளிக் 81. ரெண்டையும் ஒரே மாதிரி வீசுனா பந்து ரெண்டு தெசைக்கு போகும்னு அப்பவே புரிஞ்சு போச்சு. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி, அதனால அந்தக் காலத்து ஆளுங்க ஒரு ஸ்டிக் கைக்கு ஒத்துப்போச்சுன்னா விடவே மாட்டாங்களாம்.

நிப்ளிக்குக்கு இன்னொரு சீக்கும் இருந்துச்சு, இத்தன வருஷம் மூங்கில்ல கட்டி இழுத்ததுல காம்பு வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. இதுக்கு எங்க ஊர்லயே வைத்தியர் இருக்காரு. சிலம்பம் சொல்லிக் குடுக்குற மாஸ்டர். பிரம்பும் மூங்கிலும் அவரு எப்பவும் நெருப்புல காட்டி நிமித்துறவரு தானே. கொண்டு போய் குடுத்தேன், வாங்கி ஒரு கண்ண மூடிகிட்டு துப்பாக்கி பாக்குற மாதிரி நீளவாக்குல பாத்தாரு, "ரெண்டு எடத்துல இருக்குப்பா, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு"ன்னாரு. எனக்கு ஒண்ணு தான் தெரிஞ்சுது. கரி நெருப்பு, தணல் மட்டும் தான், ஜுவாலை கூடாது. வளைஞ்ச எடத்துல எண்ணெய் தடவி தணலுக்கு மேல உருட்டிகிட்டே இருந்தாரு, கைய வச்சா பொறுக்க முடியாத சூடு வந்ததும் முழங்கால்ல வச்சு அழுத்துனாரு, நேர் ஆனதோட விடல, அந்தப் பக்கம் கொஞ்சம் தாண்டி வளைச்சு அப்படியே ஆறுற வரைக்கும் புடிச்சுகிட்டு உக்காந்துட்டாரு. "விட்டா பழைய எடத்துக்கு போகப் பாக்கும், அது திரும்பி வந்து நேர்ல நிக்கணும்." மூணு தடவ பண்ண வேண்டியிருந்துச்சு. நான் ஹீட் கன் வச்சு வீட்லயே பண்ணலாம்னு தான் இருந்தேன், பண்ணியிருந்தா கருக்கியிருப்பேன்.

"இது நல்ல மரம்பா, எங்க கெடைக்கும்?"னு கேட்டாரு. அமெரிக்கான்னேன். திருப்பிக் குடுக்க மனசே இல்லாத மாதிரி இன்னும் ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டு தான் குடுத்தாரு.

இரும்புத் தலைக்கு ரொம்ப ஒண்ணும் வேணாம். இதுல குரோம் பூச்சு கெடையாது, வெறும் இரும்பு. மண்ணெண்ணெய்ல ஊற வச்சு ஸ்டீல் ஊல் போட்டு செவப்பு துரு போற வரைக்கும் தேச்சு, எண்ணெய்த் துணியில தொடச்சா போதும், அந்தக் கருப்பு பூத்தது இருக்கட்டும். காம்பு மாட்டியிருக்கும்போது ஊற வைக்காதீங்க, எண்ணெய் மரத்துக்குள்ள ஏறிடும், துணியில நனைச்சு தலைய மட்டும் சுத்தி வைங்க. பாலிஷ் சக்கரத்துல குடுக்கவே குடுக்காதீங்க. ஏன்னா தலைக்குப் பின்னாடி செஞ்சவங்க முத்திரை இருக்கும். ஒரு கை இருந்தா நிக்கல்ங்கறவரோட பட்டறை, நட்சத்திரம் இருந்தா கிப்சன் பட்டறை, இப்படி. எங்க மேஷி பின்னாடி ரொம்ப மங்கலா ஒரு சின்ன சுருட்டுக் குழாய் மாதிரி தெரிஞ்சுது, சாக்பீஸ் பொடி தூவி தொடச்சுட்டு சாய்ச்சு வச்சு டார்ச் அடிச்சா குழாய் தான். ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ங்கற ஊர்ல இருந்த டாம் ஸ்டூவர்ட் பட்டறையோட முத்திரை அது. பாபி ஜோன்ஸ் வச்சிருந்த இரும்பு ஸ்டிக்குங்க பெரும்பாலும் அந்தப் பட்டறையில அடிச்சது தான். எங்க வீட்ல அது மாட்டுக்கொட்டாய் தாழ்ப்பா.

முத்திரை ஏன் இப்படி தேஞ்சு கெடக்குன்னு எனக்கு ஒரே வருத்தம், துருவுல போயிருக்கும்னு பாட்டிகிட்ட புலம்புனேன். பாட்டி சொன்ன பதில்ல தான் எனக்கு விஷயமே வெளங்குச்சு. "துருவா? உங்க தாத்தா தெனமும் சாயங்காலம் உக்காந்து அத உப்புத்தாள்ல தேய்ப்பாராம், கண்ணாடி மாதிரி இருக்கணுமாம் துரைக்கு, இல்லன்னா காசு கெடையாது. நான் கட்டிட்டு வந்த பின்னாடி கூட அந்தப் பழக்கம் போகல, வீட்டு அருவாமணைய வாரம் ஒரு தடவ தேய்ப்பாரு." குரோம் வர்றதுக்கு முன்னாடி எல்லா ஊர்லயும் பை தூக்குற பையங்களுக்கு இது ஒரு வேலை, ஆட்டம் முடிஞ்சதும் எமரித் தாள் வச்சு தேச்சுக் குடுக்கணும். அந்தக் குழாய்ல பாதி எங்க தாத்தா தேச்சது. அதுக்கப்புறம் நான் அந்த எடத்துல ஸ்டீல் ஊல் கூட வைக்கல.

பிடிக்கு தோல் வேணும். அதுக்கு நாம கவலையே பட வேண்டியதில்ல, பர்கூர் தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர்னு போனா ஊரே தோலு தான். துண்டுத் தோல் எடைக்கு விக்கிற கடையில ஆட்டுத்தோல் வாங்குனேன், ஒரு மில்லி கனம், முக்கால் இஞ்ச் அகலத்துல நாலடி நீளம் ஒரு ஸ்டிக்குக்கு வேணும், ஒரே துண்டுல அவ்வளவு நீளம் கெடைக்கிறது கஷ்டம்னு சொல்லி தேடித் தேடி எடுத்துக் குடுத்தாங்க. ஆவாரம்பட்டையில பதப்படுத்துனது இருக்கான்னு கேட்டேன், கடைக்காரர் என்ன ஏற எறங்க பாத்துட்டு "அதெல்லாம் எங்க தாத்தா காலம் பாய்"னு சிரிச்சாரு. ஆவாரஞ்செடி மட்டும் எங்க ஊர்ல ரோட்டோரம் பூரா பூத்துக் கெடக்கு.

காம்பு மேல முதல்ல துணி நாடா ஒரு சுத்து, அதுக்கு மேல ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப், மேல் முனையில ஒரு சின்ன ஆணி அடிச்சு தோல புடிச்சுகிட்டு கீழ நோக்கி இழுத்து இழுத்து சுத்தணும். தோலோட ஓரத்த ரெண்டு பக்கமும் சீவி மெல்லிசாக்கிட்டா சேர்ற எடம் மேடு கட்டாது. கடைசில நூல் சுத்துறது தான் எனக்கு ரொம்ப புடிச்ச வேலை. செருப்பு தைக்கிற மெழுகு நூல் போதும். நூல ஒரு கண்ணி மாதிரி மடிச்சு காம்பு மேல படுக்க வச்சு, அதுக்கு மேல மறு நூல இடைவெளி விடாம பதினஞ்சு இருபது சுத்து சுத்தி, முனைய அந்தக் கண்ணிக்குள்ள விட்டு, அந்தப் பக்கத்து வால இழுத்தா முனை சுத்துக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும், முடிச்சே இருக்காது. முத தடவ அவசரத்துல ரொம்ப இழுத்து முழுசா வெளிய வந்துடுச்சு. மூணாவது தடவ சரியா வந்தப்ப வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்டுனேன், என் வீட்டுக்காரி "நல்லா இருக்கு, கேஸ் தீந்து போச்சு"ன்னா.

மறுபடி ஏரிக்கு போனது சித்திரை கடைசி. பந்து நல்லா சாஃப்ட்டா இருக்குறது தான் வாங்கணும், கெட்டி பந்து அடிச்சா அதிர்வு பூரா பழைய மரத்துக்கு போகும். பிராக்டிஸ் பண்ற எடத்துல சிமெண்ட் மேல விரிச்ச பாய்ல வச்சும் அடிக்கக் கூடாது, தலை போய் மோதி காம்பு கழுத்துல முறியும். ஏரி மண்ணு வெடிச்சு போய் புழுதியா தான் இருக்கு, அது பரவால்ல. முத நாலு அடி கோணலா போச்சு, நான் அவசரப்படுறேன், மரக்காம்பு முறுக்கிக்குது, தலை பின்தங்கி வருது. சும்மா ஊஞ்சல் ஆட்டுற வேகத்துல விட்டேன். டொக்னு ஒரு சத்தம். ஸ்டீல்ல வர்ற கிளிங் இல்ல, கொட்டாங்குச்சிய கல்லுல தட்டுற மாதிரி. பந்து நேரா ஏரிக்கரை பனைமரத்த பாத்து போச்சு. அதே ஆட்டுக்காரப் பையன் கரையில நின்னு பாத்துட்டு இருந்தான். "அண்ணா ஆணி போட்டுட்டீங்களாண்ணா?"

இப்போதைக்கு நாலு ரெடி. அந்த மரத்தலை பிராஸி மட்டும் பாக்கி, அடியில பித்தளைத் தகடு அடிச்சது, தலை பெர்சிமன் மரம், கழுத்துகிட்ட வெடிச்சிருக்கு. பெர்சிமன்னா நம்ம கருங்காலிக்கு பங்காளி, ரெண்டும் ஒரே குடும்பம். ஆசாரிகிட்ட கருங்காலியில ஒரு சின்ன ஆப்பு செஞ்சு வெடிப்புல வச்சு ஒட்டலாமான்னு கேட்டேன், இப்ப கருங்காலி பூரா மாலை கோக்குறவங்க வாங்கிட்டு போயிடுறாங்களாம், கையளவு துண்டு கெடைச்சா சொல்றேன்னாரு.

பாட்டி தான் இன்னும் கோவமா இருக்கு. புளி சீசன் போச்சு, உலுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. சந்தையில புதுசா ஒரு தொரட்டி வாங்கிக் குடுத்தேன், வாங்கிப் பாத்துட்டு, "இது வளையுது, அதக் கொண்டா"ங்குது.